சுங்கை சிப்புட்டில் சைக்கிளை நிறுத்துங்கள்

"கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வரை சைக்கிளில் போகிறேன். வழியில் தோட்டப்புறத் தமிழர்களின் அன்றாட வாழ்க்கையைப் பார்க்க ஆசை. ஆனால் தோட்டங்களில் இப்போது தமிழர்களே இல்லை என்கிறார்கள். அப்படியானால் எங்கே தங்குவது, என்ன பார்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுங்கை சிப்புட்டில் தங்குங்கள். ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர், 1-ஆம் எண் கூட்டரசு சாலையின் மேலேயே இருக்கிற ஊர். சைக்கிளில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஈப்போவில் படுத்து எழுந்து, செம்மோர் தாண்டி இந்த ஊரில் ஒரு டீ குடித்துவிட்டு கோலகங்சாருக்கு மிதித்துவிடுவார்கள். நான் மதுரைக்காரன், இந்தச் சாலையில் பலமுறை போயிருக்கிறேன். சொல்கிறேன், இந்த ஊர் டீ குடிக்கிற நேரத்தில் பிடிபடாது. ராத்திரி தங்க வேண்டும்.

தோட்டங்களில் தமிழர்கள் இல்லை என்பது பெரும்பாலும் சரிதான். ரப்பர் மரப் பால்வெட்டிலும், எண்ணெய் எடுக்கிற செம்பனையிலும் இன்று வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் இந்தோனேசியா, வங்கதேசம், நேபாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது ஆள் தேவை குறைந்தது. பட்டணத்தை ஒட்டிய தோட்டங்கள் வீட்டுமனையாகின. லயம் என்கிற வரிசை வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம் என்பதால் வேலை போன அன்றே வீடும் போனது. அப்படி வெளியேறியவர்களில் பலர் தூரமாகப் போகவில்லை. பக்கத்து ஊரின் ஓரத்தில், தாமான் என்று அங்கே சொல்கிற குடியிருப்புகளில் வந்து சேர்ந்தார்கள். ஆகவே செம்பனைக்குள் புகுந்து தேடினால் தோட்டத்து மக்கள் கிடைக்க மாட்டார்கள். ஊருக்குள் பாருங்கள். அவர்கள் எழுந்திருக்கிற நேரம், சாப்பாடு, பள்ளிக்கூடம், சாமி எல்லாம் தோட்டத்திலிருந்து அவர்களோடு வந்து இங்கே இருக்கின்றன.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 1982-இல் தீபகற்ப மலேசியா தன் நேரத்தை சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கிக்கொண்டது. அதனால் இந்த ஊர் இருக்கிற பேராக் மாநிலத்தில் சூரியன் வர ஏழு மணி தாண்டும். காலை ஐந்தரை என்றால் கும்மிருட்டு. ஆனால் அந்த இருட்டிலேயே சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் கல் சூடாகிவிடும். ஐந்தரைக்குப் போய் உட்காருங்கள், ரொட்டி சானாயும் (அவர்கள் ஊர்ப் பரோட்டா) ஒரு தே தாரிக்கும் (நுரைக்க ஆற்றிய பால் டீ) சொல்லுங்கள், ஏழரை வரை எழுந்திருக்காதீர்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தில் ஊரே உங்கள் முன்னால் கடந்து போகும். முதலில் லாரி ஓட்டுநர்கள். அப்புறம் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள், சீருடைச் சட்டைக்கு மேல் குளிருக்கு ஒரு ஜாக்கெட், கையில் சாப்பாட்டுப் பை. பிறகு மோட்டார் சைக்கிளில் அப்பா ஓட்ட, நடுவில் ஒன்று பின்னால் ஒன்றாகப் பள்ளிப் பிள்ளைகள். இவர்களுக்கெல்லாம் முன்னதாகவே ஒரு மூலை மேசையைப் பிடித்துக்கொண்டு சில பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு வேலைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியிருக்கும். ஆனால் நாலரைக்கு மேல் படுக்க முடியாது. வாழ்நாள் முழுவதும் அந்நேரத்துக்குப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்ற உடம்பு.

ரப்பர் மரத்துக்கு ஒரு குணம் உண்டு. பட்டைக்குள் பால் ஓடும் குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன்னால்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற மரம் நீரை இழக்கும், பால் குறையும். அதனால்தான் இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுவது. கொசுவுக்கு இடுப்பில் ஒரு டப்பாவில் கொசுவர்த்தி. ஊருக்கு வெளியே ஒரு சிறுதோட்டத்தின் ஓரத்தில், பால்வெட்டிலேயே வயதான ஒரு பெரியவர் எனக்கு வெட்டிக் காட்டினார். இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்ந்த கோடு. கத்தியை அழுத்தவே இல்லை. இழுத்துக்கொண்டே மரத்தைச் சுற்றி அவரும் பின்வாங்கி நடந்தார். பட்டையில் காகிதம் போல ஒரு சீவல்தான் வந்தது. "ஆழமாப் போனா மரத்துக்குக் காயம் தம்பி, அந்த இடத்துல புதுப்பட்டை முடிச்சு முடிச்சா வரும். மறுபடி வெட்ட முடியாது" என்றார். சொல்லி முடிப்பதற்குள் கோட்டின் மேல் வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாக அரும்பி, ஒன்றாகச் சேர்ந்து, வாய்க்கால் வழியாக மங்கு என்கிற கிண்ணத்துக்கு இறங்க ஆரம்பித்தது. மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் அன்றைக்கு வெட்டு இல்லை. நாள்கூலிக் காலத்தில் வெட்டு இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. அந்தத் தலைமுறை இன்னும் விடியற்காலையில் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்கும்.

நீங்கள் சைக்கிளில் வந்திருப்பது இவர்களிடம் பேச்சு தொடங்க நல்ல வழி. தோட்டத்தில் சைக்கிள் என்பது பெரிய விஷயமாக இருந்தது. பால் வாளியைக் கட்டிக்கொண்டு போனதும், வாரச் சாமான் வாங்கப் பட்டணத்துக்கு வந்ததும் சைக்கிளில்தான். இப்போது அந்த இடத்தை கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டது. இருந்தாலும் சந்தைப் பக்கம் கறுப்பு நிறத்தில் உயரமான பழைய சைக்கிள்கள் நிற்பதைப் பார்க்கலாம். வைத்திருப்பவர் எழுபதைத் தாண்டியவராக இருப்பார்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. மலேசியாவில் சைக்கிள் மிதிக்க வரும் ஒவ்வொரு தமிழரும் அதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்பது என் விருப்பம். ஆங்கிலேயர் காலத்துத் தோட்டங்களில் துரையோ கிராணியோ (தோட்டத்து எழுத்தர்) எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைமை தாங்கியவர் ஆர்.எச்.நாதன், தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்தவர். சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, முறையான மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது ஆகிய கோரிக்கைகளோடு, துரைமார் முன்னிலையில் சைக்கிளில் ஏறிப் போகும் உரிமையையும் கேட்டார்கள். கூலிக்கும் மருந்துக்கும் பக்கத்தில் அதையும் எழுதிக் கொடுத்தார்கள். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து கிளம்பும்போது கிள்ளான் உங்களுக்கு மேற்கே ஒரு மணி நேர ரயில் தூரம்தான். அங்கே போக முடியாவிட்டாலும், தோட்டச் சாலையில் நிம்மதியாக மிதித்துப் போகிற நேரத்தில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சுங்கை சிப்புட்டுக்கு வருவோம். மலாயா முழுவதையும் மாற்றிய ஒரு நாள் இந்த ஊரில்தான் நடந்தது. 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவரைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். அந்த வாரத்திலேயே நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. வயதானவர்களிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் அரசியலை விட முள்வேலியும் சோதனையும்தான் வரும். சாப்பாடு கட்டிக்கொண்டு போகக்கூட விடமாட்டார்கள், காட்டில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சந்தேகம்.

துன் வீ.தி.சம்பந்தன் பிறந்ததும் இந்த ஊரில்தான், 1919-இல். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவர், அமைச்சர். ஊர்க்காரர்கள் அவரைப் பற்றிப் பேசினால் பதவியை விடக் கூட்டுறவுச் சங்கத்தைத்தான் முதலில் சொல்வார்கள். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போக, தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1960-இல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுக்காரர்கள் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்டை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. நாட்டிலேயே குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று வந்தது 2013-இல்தான், அப்போது தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்பதை வைத்துப் பார்த்தால், அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு பால்வெட்டுக்காரருக்குப் பத்து வெள்ளி எவ்வளவு பெரிய தொகை என்று புரியும். சம்பந்தன் முன்னின்று எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலை இன்றும் தமிழ்ப்பள்ளியாக நடக்கிறது. பள்ளி விடும் நேரத்தில் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள், உள்ளே போக அனுமதி கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி இன்னொன்று. வழிநெடுகப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே வாருங்கள். 'இன்ன தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்று போட்டிருக்கும், சுற்றிலும் ஒரு மரம்கூட இருக்காது, மாடி வீடும் கடையுமாக இருக்கும். தோட்டம் அழிந்து மக்கள் ஊருக்கு வந்தபோது பள்ளியும் பழைய பெயரோடு அவர்கள் பின்னால் வந்துவிட்டது. இந்த நாட்டில் முதல் தமிழ் வகுப்பு 1816-இலேயே பினாங்கில் தொடங்கிவிட்டது. இன்று 500-க்கும் மேல் தமிழ்ப்பள்ளிகள். எனவே தயவுசெய்து யாரிடமும் "நீங்கள் நன்றாகத் தமிழ் பேசுகிறீர்களே" என்று ஆச்சரியப்படாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைச் சொல்லிச் சொல்லி அவர்களுக்கு அலுத்துவிட்டது. சிரித்துக்கொள்வார்கள், ஆனால் மனது ஒட்டாது.

அவர்கள் உங்களை முதலில் கேட்பது "எந்த ஊரு?" மதுரை, சேலம், தஞ்சாவூர் என்று எதைச் சொன்னாலும் "எங்க தாத்தா அந்தப் பக்கந்தான்" என்று யாராவது ஒருவர் நெருங்கி வருவார். பலருக்கு மாவட்டம் தெரியும், கிராமம் தெரியாது. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது; கங்காணிமார் ஆள் பிடித்து வருவதும் 1938-இல் இந்திய அரசு தடுத்ததோடு நின்றது. ஆகவே கடைசியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கே இப்போது பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். தேடிக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வாய் வார்த்தையாகக் கூடச் சொல்லாதீர்கள். அவர்கள் நிஜமாகவே காத்திருப்பார்கள்.

பிற்பகல் மூன்று, நாலு மணிக்குத் தாமான் சந்துகளில் மெதுவாக ஒரு சுற்று போங்கள். 'பாம் பாம்' என்று ஒரு ஹாரன் கேட்கும். ரொட்டிக்காரர் வருகிறார். மோட்டாரின் பின்னால் ஒரு பெட்டி, அதைச் சுற்றிலும் பன்னும் முறுக்கும் கச்சான் (நிலக்கடலை) பொட்டலமும் தொங்கும். பெரும்பாலும் தமிழர்தான், ஆனால் மலாய் வீட்டில் மலாயும் சீனர் வீட்டில் கொஞ்சம் சீனமும் பேசி, எந்த வீட்டில் எதை வாங்குவார்கள் என்று கேட்காமலே எடுத்துக் கொடுப்பார். சில ஊர்களில் இடியாப்பமும் இப்படி வண்டியில் வரும். புட்டு மாயம் என்பார்கள், தேங்காய்ப் பூவும் பழுப்புச் சர்க்கரையும் போட்டுத் தருவார்கள். நாள் முழுக்க மிதித்த காலுக்கு அதைவிட நல்ல தீனி எனக்குத் தெரியாது. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை போடும் நாள் எது என்று கடையில் கேட்டு வைத்துக்கொண்டால் இராச்சாப்பாடும் முடிந்தது.

தோட்டச் சாலைகளுக்கும் போகத்தான் வேண்டும், கோயில்களுக்காக. செம்பனைக்கு நடுவே, வீடு என்று ஒன்றுகூட இல்லாத இடத்தில், வர்ணம் பூசிய கோபுரத்தோடு ஒரு மாரியம்மன் கோயில் நிற்கும். லயம் இருந்த இடம் அது. வீடுகளை இடித்துவிட்டார்கள், மரங்கள் வளர்ந்து மூடிவிட்டன, கோயிலுக்கு மட்டும் யாரோ மாலையில் வந்து விளக்கு வைக்கிறார்கள். ஆண்டுத் திருவிழாவுக்கு அந்தத் தோட்டத்தில் பிறந்தவர்கள் எல்லாம் கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூரிலிருந்துகூட வந்துவிடுவார்கள். அன்றைக்கு அந்தச் செம்மண் பாதையில் கார் நிறுத்த இடம் இருக்காது. ஒரு திருவிழாவில் ஐம்பது வயதுக்காரர்கள் இருவர், "இங்கதான்டா ஆயாக் கொட்டகை, அங்க தண்ணிப் பைப்பு" என்று மரங்களுக்கு நடுவே கையைக் காட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மரத்தடியில் காலால் மண்ணைக் கிளறி, சிமெண்டுப் படி ஒன்றை எடுத்துக் காட்டி ஜெயித்தார். நிலம் நிர்வாகத்துடையது என்பதால் இந்தக் கோயில்களில் பலவற்றுக்குப் பட்டா கிடையாது; நிலம் கைமாறும்போது கோயிலை அகற்றச் சொல்வது அடிக்கடி வரும் வழக்கு. இது எனக்குப் பெரிய வருத்தம். அந்த மக்களுக்குப் பிறந்த மண் என்று காட்ட மிச்சம் இருப்பதே அந்தக் கோயில்தான்.

சாலையோரத்தில் மரத்தடி முனீஸ்வரன்கள் நிறைய உண்டு. நிழலும் திண்ணையும் இருக்கும், தாராளமாக உட்காரலாம். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், படையலில் இருக்கும் சுருட்டைத் தொடாதீர்கள்.

தோட்டத்துக்குள் மிதிக்கும்போது சில எச்சரிக்கைகள். நுழைவாயிலில் ஜாகா (காவலாளி) இருந்தால் நின்று, கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அநேகமாக விடுவார்கள், விடாவிட்டால் வாதாட வேண்டாம். செம்பனைக் குலையை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோனால்தான் எண்ணெய் தரமாக இருக்கும். நேரமானால் புளிப்பு ஏறிவிடும். அதனால் குலை லாரிகள் அவசரத்தில்தான் ஓடும். அவற்றிலிருந்து உதிரும் பழம் வளைவுகளில் நசுங்கிக் கிடக்கும், மழைக்குப் பிறகு அதன் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். கட்டிப்பால் (கட்டியாக உறைந்த ரப்பர்ப் பால்) ஏற்றிய லாரியின் பின்னால் போகாதீர்கள். அந்த நாற்றம் சட்டையில் ஒட்டினால் துவைத்தாலும் போகாது. நாய்கள் துரத்தினால் வேகம் எடுக்காமல் இறங்கி, சைக்கிளைக் குறுக்கே வைத்துக்கொண்டு நடங்கள், விட்டுவிடும். செம்பனைக்கு நடுவே கம்பத்தின் மேல் மரப்பெட்டி தெரிந்தால் அது ஆந்தைக்கு வைத்தது, எலி பிடிக்க.

நெடுஞ்சாலையான பிளஸ்ஸில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, பழைய கூட்டரசு சாலையிலேயே இருங்கள். நம் ஊர் போலவே இடப்பக்கம்தான். மோட்டார் கடைகள் எங்கும் உண்டு, காற்றுக்குக் காசு வாங்க மாட்டார்கள். ஆனால் உங்கள் சைக்கிளில் மெல்லிய வால்வு என்றால் டியூப் கையில் இருக்கட்டும். மேற்குக் கரையில் ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். இரண்டு மணிக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிடுங்கள்.

என் யோசனை, வியாழன் மதியம் வந்து சேருங்கள். வெள்ளிக்கிழமை காலை கடையும் பள்ளி நேரமும், மாலையில் கோயில் கூட்டமும் பார்க்கலாம். சனிக்கிழமை பள்ளி வாகனங்கள் இல்லாததால் சாலை காலியாக இருக்கும், கோலகங்சாருக்குக் கிளம்பிவிடலாம். அங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு ஒரு ரப்பர் மரத்தைப் பாதுகாக்கிறார்கள். 1877-இல், பேராக்கில் ஆங்கிலேய ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ காலத்தில் நட்ட முதல் கன்றுகளில் மிஞ்சியது.